எந்தத் தோட்டாவுக்கு எந்த மருந்து?

விறகடுப்பில் சமைத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். காலையில் ஒரு டம்ளர் காப்பிக்கு வெந்நீர் வைக்கப் பன்னாடையும் நாலு சுள்ளியும் போதும். குப்பென்று பிடிக்கும், தண்ணீர் கொதிக்கும், தீ அடங்கிவிடும். கல்யாண வீட்டில் அண்டா நிறையச் சோறு பொங்க வேண்டுமென்றால் வேலங்கட்டைதான் வேண்டும். அவசரக் காப்பிக்குக் கட்டை உதவாது. அண்டாவுக்குப் பன்னாடை தாங்காது. ஒரு கிலோ பன்னாடையும் ஒரு கிலோ கட்டையும் எரிந்து தரும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

அமெரிக்காவில் இலக்குச் சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்ட பலர் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். இதற்கு ரீலோடிங் என்று பெயர். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு வீணாவதில்லை. அதை அச்சில் இட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் தீப்பொறி தரும் புதிய பிரைமரைப் பொருத்தி, உள்ளே அளந்த வெடிமருந்தை இட்டு, மேலே குண்டைச் செருகி இறுக்கினால் தோட்டா மறுபடி தயார். சொந்த உபயோகத்துக்கு இப்படி நிரப்பிக்கொள்ள அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இங்கே சொல்லப்போவது செய்முறை அல்ல, அந்தச் சின்னப் பித்தளைக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் இயற்பியலும் வேதியியலும்.

அந்தப் பொழுதுபோக்காளரின் மேசையில் நான்கு வகைத் தோட்டாக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 9 மி.மீ. லூகர், .38 ஸ்பெஷல், .45 ஏசிபி, .44 மேக்னம். கடைக்குப் போனால் அலமாரியில் பல டஜன் மருந்துக் குப்பிகள். எல்லாமே புகையில்லா வெடிமருந்து, எல்லாமே கறுப்பும் சாம்பலுமான பொடிதான். ஒரே குப்பியை வாங்கி நான்கிலும் போட்டுவிட முடியாதா? பணம் மிச்சம், இடம் மிச்சம், குழப்பமும் இல்லை. நியாயமான ஆசைதான். அதற்கான பதில் வேகம் என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது.

அரிசியை விடக் குறைந்த ஆற்றல்

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். வெடிமருந்தில் மலையளவு ஆற்றல் அடைபட்டிருப்பதாக நாம் நினைக்கிறோம். புகையில்லா வெடிமருந்து ஒரு கிராம் எரிந்தால் வெளிவருவது ஏறத்தாழ 4 கிலோஜூல். ஒரு கிராம் அரிசியில் இருப்பது ஏறத்தாழ 15 கிலோஜூல். பெட்ரோலில் 40-க்கும் மேல். எடைக்கு எடை பார்த்தால், நாம் உண்ணும் சோற்றுக்கான அரிசிக்கு முன்னால் வெடிமருந்து ஏழைதான்.

அரிசிக்கும் பெட்ரோலுக்கும் எரிய வெளிக்காற்றின் ஆக்சிஜன் வேண்டும். வெடிமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் மூலக்கூறுக்குள்ளேயே சுமந்து வருகிறது. அதனால்தான் அதன் ஆற்றல் எடைக்குக் குறைவாகத் தெரிகிறது. அதனால்தான் காற்றே இல்லாத மூடிய கூட்டுக்குள்ளும் அதனால் எரிய முடிகிறது. ஒரு கிராம் மருந்து எரிந்தால் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் இடம் பிடிக்கக்கூடிய வாயு உண்டாகிறது. அந்த வாயு, ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பத்தில், ஒரு சுண்டுவிரல் நுனியளவு இடத்துக்குள் பிறந்தால் என்ன ஆகும்? அந்த நெருக்கடிதான் குண்டைத் தள்ளுகிறது.

இந்த மருந்தை அளக்கும் அலகின் பெயர் கிரெய்ன், அதாவது தானியமணி. ஒரு பவுண்டில் 7000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுக்க வைத்திருந்த குன்றிமணி ஒன்றின் எடை ஏறத்தாழ இரண்டு கிரெய்ன். ஒரு தோட்டாவில் 5 கிரெய்ன் மருந்து இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொண்டால் அது இரண்டரைக் குன்றிமணி, சுமார் 15 அரிசிமணியின் எடை. ஒரு பவுண்டு குப்பியில் 1400 தோட்டாக்கள் நிரப்பிவிடலாம். நிறுக்கும் தராசோ கிரெய்னில் பத்தில் ஒரு பங்கைக் காட்ட வேண்டும். அது ஒரு அரிசிமணியில் மூன்றில் ஒரு பங்கு எடை கூட இல்லை.

பீரங்கி கற்றுக்கொடுத்த பாடம்

மருந்தின் வேகத்தை மனிதர்கள் புரிந்துகொண்டது மெல்ல மெல்லத்தான். சீனாவில் பிறந்து உலகெங்கும் பரவிய பழைய கருமருந்து, வெடியுப்பு, கரி, கந்தகம் என்ற மூன்றின் கலவை. முதிர்ந்த வடிவில் எடைக்கு 75, 15, 10 என்ற விகிதம். கைத்துப்பாக்கிக்கு ஒத்துவந்த பொடியை அப்படியே பெரிய பீரங்கியில் நிறையப் போட்டபோது குழல்கள் பிளந்தன.

1844 பிப்ரவரி 28 அன்று, போட்டோமாக் ஆற்றில் சென்ற பிரின்ஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் விருந்தினர் முன்னிலையில் சுட்டுக்காட்டிய ராட்சதப் பீரங்கி வெடித்துச் சிதறியது. வெளியுறவுச் செயலர் ஏபல் அப்ஷர், கடற்படைச் செயலர் தாமஸ் கில்மர் உள்ளிட்டோர் அந்த இடத்திலேயே மாண்டார்கள். குடியரசுத் தலைவர் ஜான் டைலர் அப்போது கீழ்த்தளத்தில் இருந்ததால் உயிர் பிழைத்தார். இரும்பின் குறைபாடு அந்த விபத்துக்கு முதற்காரணம். ஆனால் தாமஸ் ரோட்மன் என்ற ராணுவ அதிகாரி இரும்போடு நிற்கவில்லை. பெரிய குழல்கள் ஏன் உடைகின்றன என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, மருந்தையும் கேள்விக்கு உட்படுத்தினார்.

மருந்து மணி மேற்பரப்பில்தான் எரிகிறது. வெங்காயத்தை உரிப்பதுபோலத் தோல் தோலாக, வெளியிலிருந்து உள்ளே தீ நகர்கிறது. பொடி நுணுக்கமாக இருந்தால் மொத்த மேற்பரப்பு அதிகம். எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து அழுத்தம் ஒரேயடியாக எகிறும். ஆகவே ரோட்மன் பெரிய பீரங்கிக்குப் பெரிய மணிகளைச் செய்தார். அடுத்து ஒரு சிக்கலைக் கண்டார். உருண்டையான மணி எரிய எரியச் சிறுக்கிறது, மேற்பரப்பு குறைகிறது, வாயு பிறக்கும் வேகமும் குறைகிறது. குண்டு முன்னே ஓடி இடம் பெரிதாகும்போதுதான் அதிக வாயு வேண்டும். ஆனால் அப்போது மருந்து ஓய்ந்துபோகிறது.

அவர் கண்ட தீர்வு துளை. உளுந்துவடையை மனத்தில் கொண்டால் எளிதாக விளங்கும். வடையின் வெளிவிளிம்பிலிருந்து எரிந்தால் வட்டம் சிறுக்கும். நடுத்துளையின் சுவரிலிருந்து எரிந்தால் துளை பெரிதாகும். ஒரு பக்கம் இழக்கும் மேற்பரப்பை மறுபக்கம் ஈடுகட்டுகிறது. துளைகள் பலவானால் எரிய எரிய மேற்பரப்பு கூடவும் செய்யும். ஒரே பொருள், வடிவத்தை மாற்றினால் வேறு மருந்து. 1860-ஐ ஒட்டி ரோட்மன் பிடித்த இந்த நூல் இன்றைய எல்லா மருந்துக் குப்பிக்குள்ளும் ஓடுகிறது.

பருத்தியில் பிறந்த தீ

கருமருந்துக்கு இன்னொரு குறை. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. வெள்ளைப் புகை போர்க்களத்தையே மூடும். குழலில் கசடு படியும். 1846-இல் பாசல் நகர வேதியியலர் ஷோன்பைன் பருத்தியை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்து வெடிபஞ்சை உலகுக்கு அறிவித்தார். எரிந்தால் புகையே இல்லை, சாம்பலும் இல்லை. ஆனால் பஞ்சின் இழைக்கு இழை இடையே காற்று. தீ எல்லா இழையிலும் ஒன்றாய்ப் பாய்ந்து துப்பாக்கிகளை உடைத்தது. சரியாகக் கழுவப்படாத வெடிபஞ்சு தானாகவே சிதைந்து ஆலைகளையும் எரித்தது.

அடுத்த படி ஏற ஏறத்தாழ நாற்பதாண்டு ஆயிற்று. 1884-இல் பிரான்சின் பால் வியேய் அந்தப் பஞ்சை ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கரைப்பானில் பிசைந்து களியாக்கி, தகடாக உருட்டி, செதில்களாக வெட்டினார். இழை போயிற்று, கொம்புபோல இறுகிய செதில் வந்தது. தீ இனி உள்ளே புக வழியில்லை, மேற்பரப்பில் மட்டுமே நகர வேண்டும். அதாவது, வேகத்தை மனிதன் வெட்டும் தடிமனே தீர்மானிக்கும். 1886-இல் வந்த லெபல் ரைபிள் இந்த மருந்தைப் பயன்படுத்தியது.

1887-இல் ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோசெல்லுலோசோடு நைட்ரோகிளிசரினைச் சேர்த்து பாலிஸ்டைட் செய்தார். இரண்டு ஆண்டுக்குப் பின் பிரிட்டனில் ஃபிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் டூவரும் அதே வழியில் கார்டைட்டை உருவாக்கினார்கள். களியை இடியாப்பம் பிழிவதுபோல அச்சில் பிழிந்து கயிறாக்கியதால் அந்தப் பெயர். நோபல் தொடுத்த காப்புரிமை வழக்கு 1895-இல் அவருக்கு எதிராகவே முடிந்தது. முதல் கார்டைட்டில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின். அதன் சூடு குழலின் உட்சுவரை அரித்ததால் பின்னர் அதை 30 சதவீதமாகக் குறைத்தார்கள். சூடு கூடினால் விசை கூடும், குழலின் ஆயுளும் குறையும் என்ற பேரம் அன்றே தொடங்கிவிட்டது.

இந்தக் கதை தமிழ்நாட்டையும் தொட்டுச் செல்கிறது. குன்னூரிலிருந்து உதகைக்கு மலைரயிலில் போகிறவர்கள் வெலிங்டனைத் தாண்டியதும் அருவங்காடு நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த வெடிமருந்து ஆலையை மக்கள் இன்றும் கார்டைட் ஃபேக்டரி என்றுதான் அழைக்கிறார்கள். அதற்கு மின்சாரம் தந்தது காட்டேரி அருவி. ஏபலும் டூவரும் ஆய்வகத்தில் பிழிந்த கயிற்றின் பெயர் நீலகிரியில் ஓர் ஊரின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது.

இன்றைக்குக் கடையில் கிடைக்கும் கைத்துப்பாக்கி மருந்துகள் எல்லாம் இந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள்தான். நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் இருந்தால் ஒற்றை அடிமருந்து; நைட்ரோகிளிசரினும் சேர்ந்தால் இரட்டை அடிமருந்து. கைத்துப்பாக்கிக்குப் பெரும்பாலும் இரட்டைதான். மணிகள் ஒட்டாமல் வழுக்கி ஓடவும் நிலைமின்சாரம் சேராமலிருக்கவும் மேலே கிராஃபைட் பூச்சு. சிலவற்றில் வெளித்தோல் மட்டும் நிதானமாக எரியும்படி தடுப்புப் பூச்சும் உண்டு. உள்ளே டைஃபீனைல் அமீன் போன்ற ஒரு காப்புப் பொருள். நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் தானாகச் சிதையும்போது கசியும் அமில வாயுக்களை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் காவல் சரியில்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, தூலோன் துறைமுகத்தில் 1907-இல் ஐயேனா, 1911-இல் லிபெர்த்தே என்ற இரு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வெடித்ததே சாட்சி. மருந்துக் குப்பியைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் அதன் சொந்தக் குப்பியிலேயே வைக்கச் சொல்வதும், புளிப்பு நெடியோ செங்காவி நிறத் தூசியோ தென்பட்டால் தொடாதே என்று சொல்வதும் இந்த அனுபவத்தால்தான்.

ஒரு கண்ணிமையில் நூறில் ஒரு பங்கு

இனி குழலுக்குள் போவோம். விசையை அழுத்தியதும் ஊசி பிரைமரைக் குத்துகிறது. பிரைமரின் தீப்பொறி மருந்தின் மேல் பாய்கிறது. திறந்த தட்டில் இருந்தால் இந்த மருந்து காகிதம்போல மஞ்சள் சுவாலையோடு சாவகாசமாக எரிந்து முடியும், ஒலிகூட வராது. மூடிய கூட்டுக்குள் கதை மாறுகிறது. பிறந்த வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தத்தை உயர்த்துகிறது. அழுத்தம் உயர்ந்தால் இந்த மருந்து இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் இன்னும் வாயு, இன்னும் அழுத்தம். அழுத்தம் இரு மடங்கானால் எரியும் வேகமும் இரு மடங்கை நெருங்கும். பால் வியேய் கணக்கில் எழுதிவைத்த உறவு இது.

இந்தச் சுழலை உடைப்பது ஒன்றே ஒன்றுதான்: குண்டு நகர்வது. குண்டு முன்னேற முன்னேற அதன் பின்னால் இடம் பெரிதாகிறது, அழுத்தம் தணிகிறது. வாயு பிறக்கும் வேகத்துக்கும் இடம் வளரும் வேகத்துக்கும் நடக்கும் பந்தயம்தான் ஒவ்வொரு வெடியும். குண்டு ஒரு விரற்கடை நகர்வதற்குள்ளாகவே அழுத்தம் உச்சத்தைத் தொட்டுவிடும். கைத்துப்பாக்கிக் குழலை விட்டுக் குண்டு வெளியேற ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட ஆவதில்லை. மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியர் கண்ணிமைப் பொழுதைச் சொன்னார். அந்த ஓர் இமைப்புக்குள் இப்படி நூறு பந்தயங்களை நடத்திவிடலாம்.

வேகமான மருந்து என்றால் இந்தப் பந்தயத்தில் ஆரம்பத்திலேயே முழு வாயுவையும் கொட்டிவிடுவது. மெதுவான மருந்து குண்டு ஓடும் தூரமெல்லாம் கூடவே வந்து தள்ளுவது. தேர் இழுப்பவர்களுக்கு இது தெரியும். நிலைத்தேரை ஒரே வெட்டாக இழுத்தால் வடம் அறும். எல்லோரும் சேர்ந்து தொய்வில்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அதே வடம் தாங்கும், தேரும் வேகமெடுக்கும். வடம் தாங்கும் அளவு துப்பாக்கியின் எஃகு தாங்கும் அளவு. தேர் குண்டு.

நான்கு கூடுகள், நான்கு குணங்கள்

இப்போது மேசையிலுள்ள நான்கு தோட்டாக்களையும் பார்க்கலாம். துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களுக்காக 1926-இல் தொடங்கப்பட்ட எஸ்ஏஏஎம்ஐ என்ற அமெரிக்க அமைப்பு ஒவ்வொன்றுக்கும் உச்ச அழுத்த வரம்பை வகுத்திருக்கிறது. அளவு பிஎஸ்ஐ. காருக்குக் காற்றடிக்கும்போது 32 வையுங்கள் என்கிறோமே, அதே அலகு.

9 மி.மீ. லூகர்: வரம்பு 35,000 பிஎஸ்ஐ. கார் டயரைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். கூடு குட்டை, உள்ளிடம் குறுகல். சிறிய பாத்திரத்தில் பெரிய கொதிப்பு. இந்தக் கூட்டில் குண்டு சற்று ஆழமாக அமுங்கினாலே உள்ளிடம் கணிசமாகக் குறைந்து அழுத்தம் வேகமாக ஏறும். மிக வேகமான மருந்தானால் தவறுக்கு இடமே இருக்காது. மிதமான வேகமுள்ள மருந்து இங்கே நிதானமாக நடந்துகொள்ளும்.

.45 ஏசிபி: ஜான் பிரௌனிங் வடிவமைத்தது, 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற பிஸ்டலின் தோட்டா. வரம்பு 21,000 மட்டுமே. வழக்கமான குண்டு 230 கிரெய்ன், 9 மி.மீ.-இன் 115 கிரெய்ன் குண்டைப் போல இரு மடங்கு கனம். கனமான குண்டு மெல்ல நகரும் என்பதால் அழுத்தம் ஏறுமே என்று தோன்றும். ஆனால் இதன் குழல் அகலம். 11.5 மி.மீ. விட்டத்துக்கும் 9 மி.மீ. விட்டத்துக்கும் வட்டப் பரப்பைக் கணக்கிட்டால் .45 ஏறத்தாழ 1.6 மடங்கு பெரியது. ஒவ்வொரு மில்லிமீட்டர் நகர்வுக்கும் பின்னால் அவ்வளவு கூடுதல் இடம் திறக்கிறது. அழுத்தம் தானாகவே தணிவதால், வேகமான மருந்தோடும் மிதமான மருந்தோடும் இந்தத் தோட்டா இணக்கமாகப் போகிறது. ரீலோடிங் பழகுகிறவர்களுக்கு இது பொறுமையான ஆசிரியர்.

.38 ஸ்பெஷல்: 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது, வரம்பு 17,000. இதன் கூடு கருமருந்துக் காலத்துக்குத் தைத்த சட்டை. கருமருந்தைக் காலியிடம் இல்லாமல் நிரப்ப வேண்டும் என்பதால் நீளமாகச் செய்தார்கள். பின்னர் வந்த புகையில்லா மருந்து சிறிதளவே போதுமானதால், சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. 9 மி.மீ.-ஐ விடக் கொள்ளளவு மிக அதிகம், அழுத்தமோ பாதி. 1930-களின் நடுவில் இதே கூட்டை ஏறத்தாழ 3.4 மி.மீ. நீட்டி .357 மேக்னத்தைச் செய்தார்கள். அதன் வரம்பு 35,000. பழைய .38 ரிவால்வரில் அது தவறியும் நுழைந்துவிடக்கூடாது என்பதற்காகவே அந்த நீட்டல். மருந்துக்கு இடம் போதாமல் நீட்டியதில்லை.

.44 மேக்னம்: 1955-இல் வந்தது, வரம்பு 36,000. பெரிய கூடு, கனமான குண்டு, கனமான ரிவால்வர். இதுதான் அண்டா. இதற்கு வேலங்கட்டை வேண்டும்.

பெயருள்ள மூன்று நெருப்புகள்

மருந்துகளை எரியும் வேக வரிசையில் அடுக்கிய பட்டியல்கள் உண்டு. மூன்று பழைய பெயர்களைப் பார்த்தாலே போதும். புல்ஸ்ஐ 1898-இல் வந்தது, யுனீக் 1900-இல் வந்தது, 2400 என்பது 1930-களின் தொடக்கத்தில் வந்தது. நூறாண்டை நெருங்கியும் கடந்தும் இந்தப் பெயர்கள் உயிரோடு இருப்பதே அவை பிடித்த இடம் சரியானது என்பதற்குச் சான்று.

புல்ஸ்ஐ பன்னாடை. வேகமானது, கொஞ்சமே போதும். .38 ஸ்பெஷலிலும் .45-இலும் மென்மையான இலக்குத் தோட்டாவுக்குத் தலைமுறை தலைமுறையாக இதையே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2400 கட்டை. மேக்னம் கூட்டை நிரப்பி, குழலின் முழு நீளத்துக்கும் தள்ளும். அதை 9 மி.மீ.-இன் குறுகிய கூட்டில் போட்டால் போதுமான அளவு உள்ளே கொள்ளாது, எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியேறிவிடும், எரியாத செதில்கள் வாசலில் பொரிந்து கண்கூசும் தீயாகும். பிஸ்டல் தன் இயக்கத்துக்கு வேண்டிய உந்துதல் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளவும் கூடும். இதற்கு நேர்மாறாக, .44 மேக்னத்தை முழு வேகத்துக்குத் தள்ளப் புல்ஸ்ஐயை நாடினால், குண்டு அந்த வேகத்தை அடைவதற்கு வெகு முன்பே அழுத்தம் வரம்பைத் தாண்டிவிடும். வடம் அறும்.

நடுவில் இருப்பது யுனீக்கும் அதன் அக்கம்பக்கத்து மருந்துகளும். 9 மி.மீ., .38, .45 மூன்றையும் ஒரே குப்பி ஓரளவு திருப்தியாகக் கவனித்துக்கொள்ளும்; .44 கூட்டில் மிதமான வேகத்துக்கும் உதவும். எதிலும் முதல் மதிப்பெண் இல்லை, எதிலும் தோல்வியும் இல்லை. நான்காவதை முழு விசையில் சுட வேண்டுமானால் இரண்டாவது குப்பி வாங்கியே ஆக வேண்டும். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: மூன்றுக்கு ஒன்று போதும், நான்காவதற்குப் போதாது.

மெதுவான மருந்தைக் குறைத்துப் போட்டால் பாதுகாப்புதானே என்று நினைப்பதும் தவறு. எச்110 என்ற மேக்னம் மருந்தை அளவுக்கு மேல் குறைக்கக்கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். அத்தகைய மருந்து தன்னைத்தானே எரித்துக்கொள்ளக் குறிப்பிட்ட அழுத்தம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் தீ மடங்கிவிடும். குண்டு குழலின் நடுவிலேயே சிக்கி நிற்கும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் புடைக்கும் அல்லது பிளக்கும். கட்டைக்கு அடியில் போதிய தணல் இல்லாவிட்டால் அது எரியாமல் புகைவதை எல்லா அடுப்பும் காட்டியிருக்கிறது.

அவலும் கேழ்வரகும்

வேகம் சரியானாலும் அளப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தராசில் நிறுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், சுழலும் உருளையில் உள்ள குழி கொள்ளும் அளவை மருந்தாக எடுக்கும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அது எடையை அறியாது, கொள்ளளவை மட்டுமே அறியும். நம் படி போல.

படியில் கேழ்வரகை அளந்தால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே எடை வரும். அவலை அளந்து பாருங்கள்: ஒரு முறை தளர்ந்து விழும், மறுமுறை அமுங்கும், எடை மாறிக்கொண்டே இருக்கும். யுனீக் போன்ற செதில் மருந்து அவல். சில நேரம் செதில்கள் குறுக்கே சிக்கிப் பாலம் கட்டிவிடும், ஒரு தோட்டாவுக்குக் குறைந்து அடுத்ததற்குக் கூடிவிடும். 1930-களின் தொடக்கத்தில் வெஸ்டர்ன் கார்ட்ரிஜ் நிறுவனத்தில் ஃபிரெட் ஓல்சன் கண்டுபிடித்த உருண்டை மருந்து கேழ்வரகு. கரைசலாக்கிய நைட்ரோசெல்லுலோசை நீரில் துளிகளாகச் சிதறவிட்டு உறையவைக்கும் முறை அது. எச்பி-38 என்ற கைத்துப்பாக்கி மருந்து அந்த வழியில் வந்தது, உருண்டையைச் சற்றுத் தட்டையாக்கியது. வின்செஸ்டர் 231 என்ற பெயரில் விற்பதும் அதே மருந்துதான்.

பெயர்களில் இன்னொரு பொறியும் உண்டு. ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு மருந்துகள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஐஎம்ஆர் 4895-உம் எச்4895-உம் தனித்தனி மருந்துகள், தனித்தனி அளவுகள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் மிஞ்சிய ராணுவ மருந்தை புரூஸ் ஹாட்ஜ்டன் வாங்கி, கன்சாசில் பழைய ரயில் பெட்டியில் வைத்து விற்றதிலிருந்து தொடங்கியது எச் என்ற பெயர்க்குடும்பம். ஒரு எழுத்தைக் கவனிக்காமல் படிப்பவருக்கு இந்தத் துறையில் மன்னிப்பு இல்லை.

தொளதொளத்த சட்டையின் ஆபத்து

.38 ஸ்பெஷல் கூடு கருமருந்துக்குத் தைத்த சட்டை என்று பார்த்தோம். அதில் புல்ஸ்ஐ போன்ற வேகமான மருந்தைச் சரியான அளவு இட்டால் அடியில் ஒரு மூலையில் கிடக்கும். சிக்கனம் என்று மகிழலாம். ஆனால் கவனம் சிதறி அதே கூட்டில் இரண்டாம் முறை இட்டாலும் அது நிரம்பி வழியாது. குண்டை மேலே வைத்தபின் வெளியிலிருந்து எந்த வித்தியாசமும் தெரியாது. ரிவால்வரில் போட்டுச் சுடும்போதுதான் தெரியும், அதுவும் கையிலேயே.

பருத்த மருந்தை விரும்புகிறவர்கள் சொல்லும் நியாயம் இதுதான். சரியான அளவே கூட்டைப் பாதிக்கு மேல் அடைத்துவிட்டால் இரட்டை அளவு வழிந்து கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்சம் கூடுதல் செலவு, கூடுதல் கசடு; பதிலுக்குக் கண்ணே காவலாக நிற்கும். இந்தத் தேவைக்காகவே டிரெயில் பாஸ் என்ற மருந்தைச் சின்னச் சின்ன வளையங்களாகச் செய்தார்கள். எடை குறைவு, இடம் அதிகம்.

காலியிடத்துக்கு இன்னொரு விளைவும் இருக்கிறது. துப்பாக்கியை மேல்நோக்கித் தூக்கிவிட்டு இறக்கினால் மருந்து பிரைமர் பக்கம் குவியும். கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டு உயர்த்தினால் குண்டின் பக்கம் போய்விடும். தீ முதலில் எதைத் தொடுகிறது என்பதைப் பொறுத்து ஒரே அளவு மருந்தும் வெவ்வேறு வேகத்தைத் தரும். சில மருந்துகளில் இந்த மாற்றம் பெரிது, சிலவற்றில் சிறிது. வேகத்தை அளக்கும் கருவி வைத்திருப்பவர்கள் இதைத் தங்கள் கண்ணாலேயே பார்க்கிறார்கள்.

கைக்கு எட்டாத அளவு

வேகத்தை அளந்துவிடலாம். அழுத்தத்தை? வீட்டு மேசையில் அதற்கு வழியில்லை. மருந்து நிறுவனங்கள் தனியாகச் செய்த சோதனைக் குழலில் அழுத்தமின் உணரிகளைப் பொருத்தி, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் எழுந்து விழும் வளைவை வரைந்து எடுக்கிறார்கள். முந்தைய காலத்தில் சிறு செம்பு உருளையை அழுத்தத்தால் நசுங்கவிட்டு, எவ்வளவு நசுங்கியது என்று அளந்தார்கள். இப்படிப் பெற்ற எண்கள்தான் கையேட்டில் மருந்து, குண்டு, கூடு, பிரைமர் வாரியாகத் தொடக்க அளவு, உச்ச அளவு என்று அச்சாகின்றன.

சுட்ட கூட்டின் பிரைமர் தட்டையாகிவிட்டதா, பித்தளை வீங்கிவிட்டதா என்று பார்த்து அழுத்தத்தை ஊகிப்பவர்கள் உண்டு. 17,000 வரம்புள்ள தோட்டாவில் அந்த அடையாளங்கள் தோன்றும்போது அழுத்தம் வரம்பை எப்போதோ கடந்திருக்கும். குண்டின் வேகமும் உண்மையைச் சொல்லாது; இரு வேறு மருந்துகள் ஒரே வேகத்தைத் தரும்போது ஒன்றின் உச்ச அழுத்தம் மற்றொன்றை விட வெகுவாக உயர்ந்திருக்கலாம். ஆகவே இத்தொழிலின் முதல் ஒழுக்கம், அளந்தவர் எழுதியதை மதிப்பது. தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாகவே ஏறுவது, பட்டியலில் இல்லாத சேர்க்கையை இரண்டு பக்கத்து எண்களைச் சராசரி போட்டு ஊகிக்காமல் இருப்பது, மேசையில் ஒரு நேரத்தில் ஒரு குப்பிக்கு மேல் திறக்காமல் இருப்பது, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பது. இவை எதுவும் பயத்தால் வந்த விதிகள் இல்லை. நம் புலன்களுக்கு எட்டாத ஒன்றோடு வேலை செய்யும்போது காட்ட வேண்டிய மரியாதை.

இந்தத் துறையை எட்ட இருந்து படிக்கும் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மரியாதைதான். பதினைந்து அரிசிமணி எடைக்குள் ரோட்மனின் துளையும் வியேயின் செதிலும் ஓல்சனின் உருண்டையும் அடங்கியிருக்கின்றன. அவர்கள் எல்லோரும் உழைத்தது நெருப்பைப் பெரிதாக்க அல்ல. அதற்கு ஒரு நிதானத்தைக் கற்றுக்கொடுக்க.

அடுப்பில் தீ மிஞ்சினால் ஒரு கட்டையை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்துவிடலாம். குழலுக்குள் நடக்கும் சமையலில் அந்த வசதி கிடையாது. இழுக்க வேண்டிய கட்டையை, தீ மூட்டுவதற்கு முன்பே, மேசையில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே இழுத்துவிட வேண்டும்.